குளத்தின் அடியை அளக்க ஓர் ஆளில்லாப் படகு: வன்னிக்கான முழுமையான வழிகாட்டி

ஆளில்லாப் படகு புதிய விஷயம் அல்ல. நிக்கோலா டெஸ்லா 1898 இல் நியூயோர்க்கில் வானொலி அலையால் இயங்கும் சிறு படகு ஒன்றைத் தொட்டியில் ஓட்டிக் காட்டினார். 2016 இல் அமெரிக்கா சீ ஹன்டர் என்ற 132 அடி நீள ஆளில்லாக் கப்பலைத் தண்ணீரில் இறக்கியது. இன்று பல நாட்டுக் கடற்படைகள் இப்படியான படகுகளைக் கண்ணிவெடி தேடவும், காவல் சுற்றவும், கடலடியை அளக்கவும் பயன்படுத்துகின்றன. இவற்றில் அதிகம் பேசப்படாதது கடைசி வேலைதான். 2022 இல் தொங்காவுக்கு அருகே கடலடி எரிமலை வெடித்தபின், அதன் வாய்க்கு மேலே போய் அளந்தது மக்ஸ்லிமர் என்ற 12 மீற்றர் படகு. அதை ஓட்டியவர்கள் இங்கிலாந்தின் எசெக்ஸில் திரைக்கு முன்னால் இருந்தார்கள்.

வன்னிக்குத் தேவையானதும் அந்த அளக்கும் வேலைதான். நம்மிடம் பெருங்கடலை விடக் குளங்கள் அதிகம்: இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை, தண்ணிமுறிப்பு. இவற்றோடு எண்ணிமுடியாத சிறுகுளங்கள். ஒவ்வொன்றுக்கும் "இத்தனை அடியில் இத்தனை ஏக்கர் அடி தண்ணீர்" என்று ஓர் அட்டவணை உண்டு (ஏக்கர் அடி என்பது ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்). ஆனால் ஒவ்வொரு மாரியிலும் ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அடி உயர உயர, அட்டவணை சொல்லும் தண்ணீரும் உண்மையில் உள்ள தண்ணீரும் விலகிப்போகின்றன. சிறுபோகத்தில் யாருக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் கூடிப் பேசும்போது அந்த அட்டவணையைத்தான் நம்புகிறோம். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தில் கிளிநொச்சிக் கமக்காரர் எழுப்பிய கேள்வியும் இதுதான்: குளத்தில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது?

அந்தக் கேள்விக்கு அளந்து பதில் சொல்ல ஒரு சிறிய படகு போதும். பாடசாலை அறிவியல் கழகம், கமக்கார அமைப்பு, அறிவியல் நகர் பொறியியல் பீட மாணவர் என யார் சேர்ந்தாலும் கட்டலாம். இந்த வழிகாட்டி அளவைப் படகுக்கு மட்டுமே. உணரியைத் தவிர வேறு எதையும் சுமக்கும் படகைப் பற்றி இதில் ஒரு வரியும் இல்லை. இந்த மண்ணில் அப்படியான ஒன்றை நினைக்கவும் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஆட்களோடு கதையுங்கள்

படகைக் கட்ட முன்னரே செய்யவேண்டிய வேலை இது. தண்ணீரில் ஆளில்லாமல் ஏதோ ஓடுகிறது என்றால் வன்னிச் சனத்துக்கு வரும் நினைவு வேறு. போரை அனுபவித்த ஊரில் யாரையும் ஒரு நொடிகூடப் பயப்படுத்த நமக்கு உரிமை இல்லை. ஆகவே, குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ் இருந்தால் பொறியியலாளரிடமும், சிறுகுளம் என்றால் கமநல சேவை நிலையத்திலும் எழுத்தில் அனுமதி பெறுங்கள். கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் நாள், நேரம், இடம் எழுதிக் கொடுங்கள். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் போன்ற களப்புகளில் இன்னும் கவனம் வேண்டும். சில இடங்கள் வனசீவராசிகள் திணைக்களத்தின் எல்லைக்குள் வரும். வட்டுவாகல் பக்கம் கடற்படை முகாம் இருக்கிறது. அவர்களுக்குத் தெரியாமல் அங்கே எதையும் மிதக்க விடாதீர்கள்.

ரிமோட்டும் தரவு வானொலியும் அலைவரிசை பயன்படுத்துபவை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதிக்கும் அலைவரிசை எது என்று கேட்டுவிட்டே கருவியை வாங்குங்கள். வெளிநாட்டு இணையக்கடையில் விற்பதெல்லாம் இங்கே பாவிக்கக்கூடியது அல்ல.

பிறகு குளத்து மீனவர் சங்கம். வலை எங்கே கிடக்கும், எப்போது தூக்குவார்கள், தண்ணீருக்குக் கீழே பட்டமரங்கள் எங்கே நிற்கின்றன, பழைய ஆற்றுப் பள்ளம் எப்படிப் போகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் கையால் வரையும் ஒரு படம் உங்கள் வேலையைப் பாதியாகக் குறைக்கும். படகுக்குப் பளிச்சென்ற செம்மஞ்சள் அல்லது மஞ்சள் நிறம் பூசி, "குள அளவை" என்று பெரிதாக எழுதி, தொலைபேசி எண்ணையும் போடுங்கள்.

எப்போது அளப்பது

மாரி முடிந்து குளம் நிறைந்து நிற்கும் தை, மாசி மாதங்கள்தான் படகுக்கு நல்ல காலம். அலைகரை வரை தண்ணீர் நிற்கும். வைகாசிக்குப் பிறகு சோளகம் அடிக்கத் தொடங்கினால் திறந்த குளத்தில் அலை எழும், கோடு நேராகப் போகாது. எந்த மாதமானாலும் விடியற்காலைதான் நல்லது. பத்து மணிக்குப் பிறகு காற்று ஏறும்.

வான் பாயும் நாட்களில் வான்கதவுப் பக்கமோ, துருசு திறந்திருக்கும்போது அதன் பக்கமோ படகை விடக்கூடாது. 2018 டிசெம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நீரின் வேகத்தைச் சொல்லத் தேவையில்லை.

படகின் உடல்

ஒற்றை உடல் படகு வேண்டாம். இரண்டு மிதவையை இணைத்த இரட்டைப் படகுதான் சாயாமல் நிற்கும். சாயாமல் நின்றால்தான் ஒலியால் ஆழத்தை அளக்கும் ஆழமானி நேர் கீழே பார்க்கும்.

மலிவான வழி 160 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய். 1.2 மீற்றர் நீளத்தில் இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் முழுதாக அமிழ்ந்தால் ஏறக்குறைய 24 லீற்றர் நீரைத் தள்ளும், இரண்டும் சேர்ந்தால் 48 கிலோ தாங்கும். படகின் மொத்த எடையை இதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 15 கிலோவுக்குள் வைத்தால் குழாய் ஐந்தரை சென்ரிமீற்றர் அளவே தண்ணீரில் அமிழும். நந்திக்கடலின் ஆழமில்லாத ஓரங்களிலும் இது ஓடும்.

குழாய்க்குள் ரெஜிபோம் துண்டுகளை இறுக்கமாக நிரப்புங்கள். கட்டாயம் செய்யவேண்டியது இது. மூடி கசிந்தாலும், முதலை கடித்தாலும் படகு மூழ்கக்கூடாது. குளத்தில் முதலை இருக்கிறது என்பதை மறந்து படகை எடுக்க இறங்குவதைவிட மிதக்கும் படகை வள்ளத்தில் போய் இழுத்து வருவது நல்லது. முன்முனையைப் பைபரால் கூம்பாக்குங்கள், தட்டை மூடி தண்ணீரைத் தள்ளிக்கொண்டு பற்றரியைத் தின்னும். இரண்டு குழாய்க்கும் நடுவே 70, 80 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, அலுமினியக் கோல்களால் இணையுங்கள். மேலே தண்ணீர் புகாத ஒரு பெட்டி. ஆணிகளும் போல்ட்டுகளும் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும், களப்பு உப்பு சாதாரண இரும்பை ஒரு மழைக்காலத்தில் தின்றுவிடும்.

தள்ளும் மோட்டர்

சுக்கான் வைக்காதீர்கள். ஆகாயத்தாமரையும் அல்லிக்கொடியும் முதலில் பிடிப்பது சுக்கானைத்தான். இடமும் வலமும் தண்ணீருக்குக் கீழ் இயங்கும் இரண்டு மோட்டர் போதும். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றினால் படகு திரும்பும், எதிரெதிராகச் சுற்றினால் நின்ற இடத்திலேயே திரும்பும். பின்னோக்கியும் சுற்றக்கூடிய வேகக் கட்டுப்படுத்தியை வாங்குங்கள், கொடி சுற்றினால் பின்னோக்கிச் சுற்றி உதறலாம். மோட்டருக்கு முன்னால் கம்பிக்கூடு ஒன்று போடுங்கள்.

தாமரை அடர்ந்து கிடக்கும் சிறுகுளத்தில் கம்பிக்கூடும் உதவாது. அங்கே படகுக்கு மேலே விசிறி வைத்துக் காற்றால் தள்ளலாம். ஆனால் அது சத்தம் போடும், பற்றரி அதிகம் கேட்கும், காற்றடித்தால் கோடு விலகும். கொடி இல்லாத நீரில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பற்றரிக்கு லித்தியம் இரும்பு பொஸ்பேற்று வகைதான் என் தெரிவு. விலை கூட, ஆனால் நம் வெயிலில் மற்ற லித்தியம் வகைகளை விடப் பயமில்லாதது. 12.8 வோல்ட், 20 அம்பியர் மணிப் பற்றரியில் 256 வாற் மணி இருக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் பாவிப்போம். படகு சராசரியாக 80 வாற் எடுத்தால் இரண்டரை மணி நேரம் ஓடும். நொடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் அது 9 கிலோமீற்றர். கோடுகளுக்கிடையே 20 மீற்றர் விட்டால் ஒரு தடவையில் 18 ஹெக்ரேயர், சுமார் 45 ஏக்கர் முடியும். உங்கள் படகு எத்தனை வாற் எடுக்கிறது என்பதை முதலில் அளந்து இந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். இந்தக் கணக்குப் போடாமல் இரணைமடுவில் இறங்கினால் படகு நடுக்குளத்தில் நிற்கும்.

மூளை

இதற்கென்று மென்பொருள் எழுதத் தேவையில்லை. ஆர்டுபைலட் என்ற திறந்த மென்பொருளின் ரோவர் பதிப்பு படகையும் ஓட்டும், இலவசம். படகைத் தானே ஓட்டும் பிக்ஸ்ஹோக் வகை மின்னணுப் பலகை ஒன்றில் ஏற்றலாம். கரையில் மடிக்கணினியில், பாதை போட்டுக்கொடுத்துப் படகைக் கவனிக்கும் மிஷன் பிளானர் மென்பொருள் போதும்.

செய்யவேண்டிய முக்கிய அமைப்புகள் சில. வாகன வகையைப் படகு என்று தெரிவுசெய்யுங்கள், அதற்கான எண் 2. இட மோட்டரின் வெளியீட்டுக்கு 73, வல மோட்டருக்கு 74 என்று கொடுத்தால் இரண்டு மோட்டரால் திரும்பும் முறை வேலை செய்யும். ஜி.பி.எஸ்ஸும் திசைகாட்டியும் ஒரு சிறு கம்பத்தில் உயர நிற்கட்டும். மோட்டர் வயருக்குப் பக்கத்தில் வைத்தால் வேகம் கூடும்போதெல்லாம் திசைகாட்டி பிசகும், படகு பாம்புபோல் நெளியும். நெளிவைக் கண்டவுடன் பலர் திருப்பும் அமைப்புகளை மாற்றத் தொடங்குவார்கள். முதலில் கம்பத்தை உயர்த்திப் பாருங்கள்.

தொடர்பு அறுந்தால் படகு என்ன செய்யவேண்டும் என்பதைத் தண்ணீரில் இறக்குமுன் தீர்மானியுங்கள். நேர்கோட்டில் வீடு திரும்பு என்று வைத்தால் பட்டமரக் கூட்டத்துக்குள் போய்ச் சிக்கும். வந்த வழியே திரும்பும் ஸ்மார்ட் ஆர்.டி.எல். முறையே நம் குளங்களுக்குச் சரி. மெய்நிகர் வேலி ஒன்றும், அதாவது படகு தாண்டக்கூடாத எல்லையை மென்பொருளில், போடுங்கள்: வான்கதவு, துருசு, குளிக்கும் படித்துறை ஆகியவை வேலிக்கு வெளியே. இவை எல்லாவற்றையும் கரையோரத்தில் ரிமோட்டை நிறுத்திப் பார்த்துச் சோதியுங்கள். படகின் மேல் கைக்கு எட்டும் இடத்தில் சிவப்பு நிறுத்தும் பொத்தானும் வேண்டும்.

ஆழமானி

இந்தப் படகின் உயிர் இதுதான். காசு குறைந்தால் உடலில் குறையுங்கள், மோட்டரில் குறையுங்கள், இதில் குறைக்காதீர்கள்.

புளூ ரொபொட்டிக்ஸ் நிறுவனத்தின் பிங் போன்ற ஒற்றைக் கற்றை உணரி போதும். அது 115 கிலோஹேர்ட்ஸ் ஒலியை 25 பாகைக் கூம்பில் கீழே அனுப்பும். 5 மீற்றர் ஆழத்தில் அந்தக் கூம்பு தொடும் வட்டம் 2.2 மீற்றர் அகலம். அந்த வட்டத்துக்குள் நிற்கும் மரக்குற்றியும் அடி என்றே பதிவாகலாம். ஆர்டுபைலட்டில் இந்த உணரியின் வகை எண் 23, கீழே பார்க்கும் திசைக்கு 25. ஆழமும் இடமும் சேர்ந்து பதிவில் தானாக எழுதப்படும்.

உணரியை இரண்டு மிதவைக்கும் நடுவே, மோட்டர் கிளப்பும் குமிழி வராத இடத்தில், நேர் செங்குத்தாகப் பூட்டுங்கள். நீர்மட்டத்திலிருந்து உணரியின் முகம் எத்தனை சென்ரிமீற்றர் கீழே என்று அளந்து எழுதிவைத்து, ஒவ்வொரு அளவோடும் கூட்டுங்கள்.

அடுத்தது ஒலியின் வேகம். உணரி பொதுவாக நொடிக்கு 1,500 மீற்றர் என்று எடுத்துக்கொள்ளும். 30 பாகை வெப்பமான நன்னீரில் ஒலி ஏறக்குறைய 1,509 மீற்றர் வேகத்தில் போகும். 3 மீற்றரில் வரும் பிழை 2 சென்ரிமீற்றர் அளவு, பரவாயில்லை. ஆனால் கடல் உப்புள்ள அதே வெப்ப நீரில் வேகம் 1,546 ஐத் தொடும், பிழை 9 சென்ரிமீற்றர். மாரியில் நன்னீராகவும் கோடையில் உப்பேறியும் கிடக்கும் களப்பில் ஒரே எண்ணை எல்லாக் காலத்துக்கும் பாவிக்க முடியாது.

ஆகவே ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் தட்டுச் சோதனை செய்யுங்கள். ஓர் அலுமினியத் தட்டை நீளாத கயிற்றில் கட்டி, உணரிக்கு நேர் கீழே 1 மீற்றர், 2 மீற்றர் என்று இறக்குங்கள். உணரி சொல்லும் எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசம் இருந்தால் ஒலி வேகத்தைத் திருத்துங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாத நாளின் அளவை யாரிடமும் காட்ட வேண்டாம், ஏனென்றால் தண்ணீர்ப் பங்கீட்டுக் கூட்டத்தில் யாராவது ஒருவர் "இது சரி என்று எப்படித் தெரியும்?" என்று கேட்பார், கேட்கவும் வேண்டும்.

மெத்தென்ற சேற்றில் ஒலி சற்று உள்ளே போகும், பாசிக்காட்டில் மேலேயே திரும்பிவிடும். சந்தேகமான இடங்களில் வள்ளத்தில் போய், அடியில் தட்டு பொருத்திய அளவுகோலை ஊன்றிப் பாருங்கள். அடியில் ஏதாவது தட்டுப்பட்டால் தோண்டவோ இழுக்கவோ கூடாது. முல்லைத்தீவு மாவட்டத்தில் கண்ணிவெடி அகற்றும் பணி போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்தும் நடந்திருக்கிறது. இடத்தைக் குறித்துக்கொண்டு பொலிசுக்குச் சொல்லுங்கள்.

உயரத்தை எங்கிருந்து எடுப்பது

சென்ரிமீற்றர் நுட்பமுள்ள ஆர்.டி.கே. ஜி.பி.எஸ். கட்டாயம் என்று பலர் சொல்வார்கள். குளத்துக்கு அது தேவையில்லை என்பேன். காற்றில்லாத குளத்தின் நீர்மட்டம் ஒரே சமம். துருசுப் பக்கத்து அளவுகோல் சொல்லும் நீர்மட்டத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால் அடியின் உயரம் வந்துவிடும். சாதாரண ஜி.பி.எஸ்ஸின் இரண்டு, மூன்று மீற்றர் பிழை கிடையாக மட்டுமே வரும், மெதுவாகச் சரியும் குளத்தடியில் அது பெரிதல்ல. அளவுகோலைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் வாசித்து எழுதுவதுதான் முக்கியம்.

களப்பு வேறு. முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் ஏறி இறங்கும். அங்கே நீங்களே ஓர் அளவுகோலை நட்டு, கால் மணிக்கொருமுறை வாசிக்க ஓர் ஆளை நிறுத்துங்கள்.

கோடு போடுதல்

குளத்துக்குள் பழைய ஆறு ஒன்று படுத்திருக்கும்: இரணைமடுவில் கனகராயன் ஆறு, வவுனிக்குளத்தில் பாலியாறு. அளவைக் கோடுகள் அந்தப் பள்ளத்தைக் குறுக்கே வெட்டவேண்டும். ஆற்றோடு ஒட்டிப் போனால் பள்ளத்தையோ மேட்டையோ தவறவிடுவீர்கள். சிறுகுளத்துக்கு 10 முதல் 20 மீற்றர் இடைவெளி, பெருங்குளத்துக்கு 50 முதல் 100. மண் அதிகம் இறங்குவது ஆறு குளத்துக்குள் நுழையும் வாயில்தான், அங்கே கோட்டை நெருக்குங்கள்.

எல்லாம் முடிந்தபின் அந்தக் கோடுகளுக்குக் குறுக்காக மூன்று நான்கு சரிபார்ப்புக் கோடுகள் ஓட்டுங்கள். இரண்டு கோடு வெட்டும் இடத்தில் இரண்டு ஆழமும் பொருந்தவேண்டும். 10 சென்ரிமீற்றருக்கு மேல் அடிக்கடி விலகினால் எங்கோ பிழை: பெரும்பாலும் உணரி சாய்ந்திருக்கும் அல்லது நீர்மட்டம் தவறாக எழுதப்பட்டிருக்கும்.

படகு போகாத அலைகரைக்கு ஒரு நல்ல வழி உண்டு. சிறுபோகத்தில் தண்ணீர் இறங்க இறங்க, இரண்டு வாரத்துக்கொருமுறை கரை ஓரமாக ஜி.பி.எஸ்ஸோடு நடந்து வாருங்கள். தண்ணீர் தொடும் கோடு அன்றைய அளவுகோல் மட்டத்தின் சமவுயரக் கோடு. பெரிய கருவி எதுவும் வேண்டாம், பாடசாலைப் பிள்ளைகள் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து செய்யலாம். முதலையைப் பார்த்துக்கொண்டு, ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளி நடக்கவேண்டும், அவ்வளவுதான்.

எண்ணிலிருந்து தண்ணீர்

பதிவிலுள்ள ஆழங்களில் திடீரென்று குதிப்பவை வரும், மீன் கூட்டமும் பாசியும் செய்யும் வேலை. பக்கத்து அளவுகளோடு ஒப்பிட்டு அவற்றை நீக்குங்கள். எதை நீக்கினீர்கள் என்பதையும் கோப்பில் வைத்திருங்கள். மிச்சத்தை கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளில் ஏற்றி, அடியின் மேற்பரப்பை உருவாக்கி, அரை அடிக்கொரு சமவுயரக் கோடு வரையுங்கள்.

ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் எத்தனை பரப்பு என்று மென்பொருள் சொல்லும். அடுத்தடுத்த இரண்டு பரப்பையும் கூட்டி, இரண்டால் பிரித்து, இடையுயரத்தால் பெருக்கினால் அந்த அடுக்கின் கொள்ளளவு. அடியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால் புதிய அட்டவணை தயார். ஓர் ஏக்கர் அடி என்பது 1,233.5 கனமீற்றர். 18 ஹெக்ரேயர் பரப்பில் சராசரி 2.5 மீற்றர் தண்ணீர் நின்றால் 4,50,000 கனமீற்றர், சுமார் 365 ஏக்கர் அடி.

கடலுக்குப் போக நினைப்பவர்களுக்கு

பொறியியல் மாணவர் சிலருக்கு அடுத்த ஆசை முல்லைத்தீவுக் கடலாக இருக்கும். இந்தப் படகு அதற்கானது அல்ல. கடலில் ஓடும் எந்தக் கலமும் 1972 ஆம் ஆண்டுச் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளுக்குள் வரும். அதன் 5 ஆவது விதி எந்நேரமும் சரியான கண்காணிப்பு வேண்டும் என்கிறது. ஆளில்லாப் படகில் அந்தக் கண்ணை ராடரும் கமெராவும் சேர்ந்து எப்படி ஈடுசெய்யும் என்பதே உலகக் கடற்படைகள் இன்றும் மல்லுக்கட்டும் கேள்வி. விளக்கு, கப்பல் அடையாளக் கருவி, இரட்டைத் தொடர்பு, கடற்படை அனுமதி எல்லாம் தனித்தனி வேலை. குளத்தில் ஒரு முழு மாரியும் ஒரு முழுக் கோடையும் பிழையில்லாமல் அளந்து, பதிவைக் காட்டக்கூடியவர்கள்தான் அந்தப் பேச்சைத் தொடங்கவேண்டும்.

அறிக்கையைக் கொடுக்கும்போது

வரைபடத்தில் அளந்த திகதி, அன்றைய அளவுகோல் மட்டம், தட்டுச் சோதனை முடிவு, வெட்டுக்கோட்டு வித்தியாசம் நான்கும் இருக்கவேண்டும். ஒரு பிரதி திணைக்களத்துக்கு, ஒன்று கமக்கார அமைப்புக்கு, ஒன்று மீனவர் சங்கத்துக்கு. வலை எங்கே என்று காட்டித் தந்தவர்களுக்கு முதலில் கொடுங்கள். மூலப் பதிவுகளை அறிவியல் நகரிலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ ஒப்படையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அதே கோடுகளில் இன்னொரு படகு ஓடும்போது, எவ்வளவு மண் இறங்கியது என்று கழித்துப் பார்க்க அவைதான் தேவை.